பூட்டு அக்கா அழித்த பதிவு

அவள் பிடித்தால் பூனைகூட ஊசிக்கு அடங்கும் என்று டாக்டரம்மா சொல்வார். நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் சிறிய கிளினிக் அது. இரண்டு அறை, ஒரு எடை மேடை, எவ்வளவு கழுவினாலும் போகாத ஈர ரோம வாடை. அவள் அங்கே உதவியாளர். துண்டை விரித்து, பூனையைப் பின்னாலிருந்து ஒரே சுற்றாகச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மார்போடு அணைத்துக்கொள்வாள். முன்கை முழுக்கப் பழைய நகக்கீறல்கள். வயது நாற்பதைத் தொட்டிருந்தது. கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "வீட்ல ஒரு தம்பி இருக்கான், அவனை மேய்க்கவே நேரம் போதலை" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

இது அவளுடைய ஒரு பாதிதான். மறுபாதி செல்போனுக்குள் இருந்தது. அங்கே அவளுக்குப் பெயர் பூட்டு.

செல்போனிலேயே பங்கு வாங்கி விற்கிற சில்லறை ஆட்களின் குழு அது. யாரோ தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுப் போனது. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி சம்பளத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று பார்க்கத்தான் அவள் அதில் சேர்ந்தாள். சேர்ந்த இடத்தில் ஆளாளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாகப் பதில் சொல்கிற ஒரே ஆள் இவள் என்பதால், நிர்வாகிப் பொறுப்பை இவள் தலையில் கட்டினார்கள். சண்டை முற்றினால், "இதை இப்போதைக்குப் பூட்டறேன், சூடு ஆறினதும் திறக்கறேன்" என்று எழுதி அந்தப் பேச்சை அடைத்துவிடுவாள். அதனால் பூட்டு. வயதில் மூத்தவர்கள்கூடப் பூட்டு அக்கா என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குரல்வழிக் கூட்டம் நடத்துவாள். அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கரகரப்பான, அவசரமே படாத அந்தக் குரலை எல்லோருக்கும் தெரியும்.

குழுவில் கொக்கி என்று ஒருவன் இருந்தான். கணக்கில் புலி. எந்தக் கம்பெனி அறிக்கையைக் கொடுத்தாலும் அதில் எங்கேயாவது கொக்கி போட்டு ஒரு விஷயத்தை இழுத்துக்கொண்டு வருவான். அவன்தான் ஒரு ஷூ கம்பெனியின் கதையைக் கொண்டுவந்தான். நாட்டில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன ஷூ அந்தக் கம்பெனியுடையது. பணக்காரர்களின் பணத்தைச் சந்தையில் புரட்டுகிற ஒரு பெரிய ஹெட்ஜ் ஃபண்ட், 'இது தேறாது' என்று அறிக்கை விட்டு, அதன் பங்குகளைக் கண்டபடி கடன் வாங்கி விற்றிருந்தது.

கூட்டத்தில் யாரோ, "கடன் வாங்கி எப்படிக்கா விக்க முடியும்?" என்று கேட்டார்கள்.

"பக்கத்து வீட்டுக் குடையை இரவல் வாங்கி, மழை நேரத்துல நல்ல விலைக்கு வித்துடறாங்க. மழை விட்டதும் மலிவா ஒண்ணு வாங்கித் திருப்பிக் குடுத்துட்டு, மிச்சத்தைப் பையில போட்டுக்கறாங்க."

"மழை விடலைன்னா?"

"அப்ப குடைக்கு என்ன விலை சொன்னாலும் வாங்கித்தான் ஆகணும்."

மழையை விடவிடாமல் செய்வது என்று குழு முடிவுகட்டியது. எல்லோரும் வாங்கினார்கள், வாங்கியதை விற்க மறுத்தார்கள். விலை ஏறியது. ஏறுவதைப் பார்த்து இன்னும் பேர் வந்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கக்கூடிய குழு, ஒரு மாதத்துக்குள் ஒரு நகரம் அளவுக்குப் பெருத்துவிட்டது. சொந்தமாக லிஃப்ட் பராமரிப்புக் கடை போடுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் தம்பி அதில் போட்டான். "அகலக்கால் வைக்காதடா" என்றாள். "நீயே பெரிய குழுவுக்குத் தலைவி, நீயே பயந்தா எப்படி?" என்றான்.

அவளுக்குப் பயம் வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. குழு இயங்கிய இணையதளத்துக்குப் பேச்சு விதிகள் உண்டு. கூட்டம் பெருத்ததும் அங்கிருந்து தினமும் எச்சரிக்கை வரத் தொடங்கியது. விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுகிறவர்களைச் சந்தையில் கரடி என்பார்கள். ஒருவர், 'கரடியின் தோலை உரிப்போம்' என்று எழுதியிருந்தார். மிருகவதை என்று அதை நீக்கினார்கள். அவள் மேல்முறையீடு எழுதினாள்: 'நான் மிருக வைத்தியசாலையில் வேலை செய்கிறவள். எனக்குத் தெரிந்து இந்தக் கரடிக்கு ரோமமே கிடையாது, கோட்டும் சூட்டும்தான் உண்டு.' மறுநாள் பதிவு திரும்பி வந்தது. குழுவே கைதட்டியது.

எல்லாம் அப்படிச் சிரிப்போடு முடியவில்லை. ஹெட்ஜ் ஃபண்டின் அறிக்கையில் வரிக்கு வரி ஓட்டை காட்டி ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் எழுதிய கட்டுரை, 'தொந்தரவு செய்தல்' என்று காணாமல் போனது. அதற்காக அவள் ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். "அவர் யாரையும் திட்டலை, கணக்குக் கேக்கறாரு. கணக்குக் கேக்கறது தொந்தரவுன்னா எதுக்குய்யா சந்தை?" என்று தம்பியிடம் பொரிந்தாள். ஃபண்டுக்காரர்கள் புகார் கொடுத்துப் பதிவுகளை எடுக்க வைக்கிறார்கள் என்று குழுவில் ஒரு பேச்சு இருந்தது. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. கட்டுரையைத் திருப்பிப் போட்டார்கள். கூடவே ஒரு வரி வந்தது: இன்னொரு பெரிய மீறல் நடந்தால் குழு மூடப்படும்.

அந்த வாரமே பிடி வழுக்கியது. பங்கு வாங்கும் செயலிகளில் இரண்டு, 'தற்காலிகமாக' அந்த ஷூ பங்கை வாங்க முடியாது, விற்க மட்டும் முடியும் என்று அறிவித்தன. வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. காலையில் ஏணி வைத்து ஏறியவர்கள் மத்தியானத்துக்குள் கூரையிலிருந்து விழுந்தார்கள். குழுவில் எழுத்துகள் கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் ஓடின.

அப்போது அவள் கையில் ஒரு கிழட்டுப் பூனை இருந்தது. டாக்டரம்மா காதுக்குள் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். மேசை மேல் கிடந்த போன் நிற்காமல் அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. பூனையைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

கொக்கி ஒரு பதிவு போட்டிருந்தான். ஃபண்டின் அறிக்கையை எழுதிய ஆய்வாளரின் பெயர். அதன் கீழே ஒரு தெரு, ஒரு கட்டடம், ஒரு கதவு எண், ஒரு போன் எண். கதவின் படம். 'நம்ம வயித்துல அடிச்சவன் இங்கதான் தூங்கறான். நாளைக்குக் காலைல நேர்ல போய் எழுப்புவோம்.'

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பதிவை அழித்தாள். கொக்கியைக் குழுவிலிருந்து வெளியே நிறுத்தினாள். 'யாருடைய வீட்டு முகவரியும் இங்கே வராது' என்று ஒரு வரி எழுதினாள். அந்த வரிக்குக் கீழே வசவு கொட்டத் தொடங்கியது.

கொக்கி போன் செய்தான். ஏற்கெனவே சிலமுறை பேசிப் பழக்கம்.

"என்னை வெளிய தள்ளிட்டீங்களாக்கா?"

"நீ என்னப்பா பண்ணியிருக்க? அது ஒருத்தர் வீடு."

"நம்ம வீடெல்லாம் வீடு இல்லையா? எத்தனை பேர் அதை நம்பிப் போட்டாங்க தெரியுமா? உங்க தம்பியும்தானே?"

"தெரியும். அவரோட அறிக்கையைக் கிழி. ஆபீஸ் வாசல்ல போய்க் கத்து. வீட்டுக் கதவைக் காட்டாத."

"தபால்காரர் எழுதினதுக்கு அத்தனை சண்டை போட்டீங்க. இப்ப நீங்களே அழிக்கறீங்க. யாருகிட்ட எவ்வளவு வாங்கினீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். அந்தக் கடைசிக் கேள்வி அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது.

அழித்தது அழிந்துவிடவில்லை. யாரோ படம்பிடித்து வேறு வேறு இடங்களில் போட்டுவிட்டார்கள். அவள் இணையதளத்துக்குப் புகார் எழுதினாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் சொன்னது. காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர், "யாராவது வந்தாங்களாம்மா?" என்று கேட்டார். "நாளைக்குத்தான் வருவாங்க" என்றாள். "அப்ப வந்தா சொல்லுங்க" என்றார். வெள்ளம் வந்தபின் அணை கட்டலாம் என்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்தால் தம்பி கூடத்தில் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தான். விளக்கைப் போட்டாள்.

"கொக்கியை ஏன்க்கா தூக்கின?"

"வீட்டு அட்ரஸ் போட்டான்."

"போட்டா என்ன? போய்க் கேக்கத்தானே போறாங்க. அவன் ஒரு பேப்பரை எழுதிட்டு ஏசி ரூம்ல உக்காந்திருக்கான். நான் லிஃப்ட் குழிக்குள்ள கிரீஸ்ல உருண்டு சேத்தது போயிடுச்சு. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"பத்துப் பேர் சேர்ந்து கதவைத் தட்டினா அதுக்குப் பேரு கேக்கறது இல்லடா."

"உனக்கு அந்தக் குழுதான் பெருசு. அதை மூடிடுவாங்கன்னு பயம்."

அவளுக்குச் சுருக்கென்றது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

காலையில் எழுந்தபோது அவன் கட்டில் காலியாக இருந்தது. வேலைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டான் போல என்று நினைத்தாள். செருப்பு மாட்டப் போனவளின் கால் எதிலோ இடித்தது. அவனுடைய டூல் பாக்ஸ். அது இல்லாமல் அவன் வேலைக்குப் போனதே கிடையாது.

கிளினிக்குக்குக்கூடச் சொல்லாமல் ஆட்டோ பிடித்தாள்.

அந்தத் தெருவைப் பார்த்ததுமே சந்தேகம் தட்டியது. காரை பெயர்ந்த அடுக்குமாடி. மாடிப்படியில் சைக்கிள்களும் தண்ணீர்க் கேன்களும். கோடிகளைப் புரட்டுகிற ஆள் இங்கே ஏன் குடியிருக்கப் போகிறான்? வாசலில் இன்னும் கூட்டம் சேரவில்லை. எதிர்க்கடையில் நாலைந்து பேர் போனும் கையுமாக நின்றிருந்தார்கள். தலையைக் குனிந்தபடி அவர்களைத் தாண்டி மூன்றாம் மாடி ஏறி, படத்தில் பார்த்த கதவைத் தட்டினாள்.

திறந்தவரின் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. பேக்கரியில் இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்தவர். கழுத்தில் அடையாள அட்டைகூடக் கழற்றப்படவில்லை. பின்னால் ஒரு சின்னப் பெண் பள்ளிச் சீருடையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பைக் லோனுக்கு வந்திருக்கீங்களா? நேத்திலேர்ந்து யார் யாரோ போன் பண்ணித் திட்டறாங்க. நான் ஒரு தவணைகூட விடலைங்க."

அவள் ஆய்வாளரின் பெயரைச் சொன்னாள்.

"என் பேருதான். ஆனா நான் என்னத்தை ஆய்வு பண்ணினேன்? பன்னுதான் சுடறேன்."

பெயர் ஒன்றாக இருந்ததைத் தவிர வேறு ஒன்றுமே பொருந்தவில்லை. அவள் விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. அதற்குள் கீழே படியில் நிறையக் கால்கள் ஏறும் சத்தம் கேட்டது.

"உள்ள தாழ் போட்டுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க."

கதவு மூடியது. அவள் அதற்கு முதுகைக் காட்டி நின்றாள்.

எட்டுப் பத்துப் பேர் இருக்கும். முன்னால் வந்த தாடிக்காரன் போனை உயர்த்திப் பிடித்து நேரலையில் பேசிக்கொண்டே ஏறினான். "வந்துட்டோம் நண்பர்களே, இதுதான் கதவு." அவளைப் பார்த்ததும் நின்றான். "யாரும்மா நீ? அவன் பொண்டாட்டியா?"

"இல்ல. இது நீங்க தேடற ஆள் வீடு இல்ல. பேர்தான் ஒண்ணு. இவர் பேக்கரியில வேலை செய்யறவர்."

"அதை அவன் சொல்லட்டும். தள்ளு."

"உள்ள ஒரு குழந்தை இருக்கு."

"எங்க வீட்லயும்தான் இருக்கு!" பின்னாலிருந்து ஒருவன் கத்தியபடி அவளுக்குப் பக்கவாட்டில் கையை நீட்டிக் கதவில் ஓங்கிக் குத்தினான். உள்ளே குழந்தை வீறிட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் நிலைமை கையை மீறிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க. நான் எங்கயும் ஓடலை."

தாடிக்காரன் போனைத் தாழ்த்தினான். "இந்தக் குரல்..." என்றான். பிறகு, "ஏய், இது பூட்டுடா!"

ஞாயிறுதோறும் அவர்கள் காதில் பேசிய குரல் அது. அடுத்த கணம் அத்தனை கோபமும் கதவை விட்டு அவள் மேல் திரும்பியது.

"காசு வாங்கிட்டு வாயைப் பூட்டினவ இவதான்!"

"ஃபண்டுக்காரனுக்குக் காவல் வேற!"

யாரோ அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். பின்மண்டை நிலைச்சட்டத்தில் மோதியது. கண்ணுக்குள் பொறி பறந்தது. கீழ்ப்படியிலிருந்து ஒருவன் மற்றவர்களை இடித்துக்கொண்டு மேலே வந்தான்.

"கையை எடுடா. அது எங்க அக்கா."

தம்பி. முகம் வெளுத்திருந்தது. அவன் வந்து அவள் பக்கத்தில் நின்றான்; அவள் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தைத்தான் பார்த்தான். அவள் பயந்தது நடந்துவிட்டது: அவனும் அவர்களோடு ஏறி வந்தவன்தான்.

"அக்காவாம்! அப்ப நீயும் பங்காளியா?" தாடிக்காரன் அவன் சட்டையைப் பிடித்தான். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஓங்கினான். அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. சொன்னதைக் கேட்காமல் அவரே வெளியே வந்துவிட்டார். கையில் ஒன்றும் இல்லை. மாவு படிந்த சட்டையோடு, தூக்கம் கெட்ட சிவந்த கண்களோடு நின்றார்.

"யாருய்யா வேணும் உங்களுக்கு? பாப்பாவுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

கழுத்தில் தொங்கிய அட்டையை எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் நின்ற வழுக்கைத்தலைக்காரர் மெல்ல, "நான் இவரைப் பாத்திருக்கேன். ரயில் நிலையத்துக்கிட்ட பேக்கரி. காலைல ரொட்டி எடுத்து வைப்பார்" என்றார். சொன்னவர் உடனே படியிறங்கிப் போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். "நடிக்கறான்" என்று ஒருவன் முணுமுணுத்தான், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தாடிக்காரன் நேரலையை அணைக்க மறந்து, போனைத் தரையைப் பார்க்கப் பிடித்தபடியே இறங்கினான். எல்லோரும் போன பிறகும் கதவில் குத்தின இடம் பள்ளமாகத் தெரிந்தது.

கொக்கி அந்தக் கூட்டத்தில் இல்லை. அவன் வரவேயில்லை.

அன்று மதியமே இணையதளம் குழுவை மூடியது. காரணம்: வன்முறைக்கு அழைப்பு, நேரலை மிரட்டல். நேரலை நடந்தது வேறொரு தளத்தில், முகவரியை நான் முந்தின நாளே அழித்துவிட்டேன், புகாரும் கொடுத்தேன் என்று அவள் எழுதினாள். 'முடிவு இறுதியானது' என்று பதில் வந்தது. அதைப் பேசிப் புரிந்துகொள்ள ஒரு மனிதக் குரல் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. லட்சக்கணக்கான பேர் திடீரென்று ஒருவரையொருவர் தொலைத்தார்கள். குழுவே போய்விட்டதென்ற பீதியில் பலர் விற்றார்கள். தம்பியும் விற்றான். போட்டதில் பாதிதான் கைக்கு வந்தது. கடை கனவாகவே நின்றது. ஃபண்டும் தப்பவில்லை, ஏற்றத்தில் பட்ட நஷ்டத்தால் ஆட்களைக் குறைத்தார்கள் என்று பின்னால் செய்தி வந்தது. ஷூ கம்பெனி ஓடவும் இல்லை, விழவும் இல்லை. பழையபடி ஷூ தைத்துக்கொண்டிருந்தது.

அவள் வேலை செய்யும் இடத்தை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். கிளினிக்கின் இணையப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன. ஊசி போட்ட நாய் செத்துவிட்டது, பூனை குருடாகிவிட்டது என்று ஒரு நாளும் அங்கே கால் வைக்காதவர்கள் எழுதினார்கள். அவள் ராஜினாமா செய்கிறேன் என்று போய் நின்றாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்மகிட்ட வர்றவங்க யாருக்கும் படிக்கத் தெரியாது. போய் அந்த நாயைப் பிடி. இனிமே போனை மட்டும் உள்ள கொண்டுவராத."

தம்பி பல வாரம் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "அந்தப் பாப்பா அழுதது இன்னும் காதுல இருக்குக்கா." அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதற்குப் பிறகு பேச்சு வந்தது.

கொக்கி ஒருமுறை அழைத்தான். சந்தா கட்டினால்தான் சேரலாம் என்ற விதியோடு புதுக் குழு நடத்திக்கொண்டிருந்தான்.

"வீடு மாறிப்போச்சு, தப்புதான். அதுக்காக என்னைக் குற்றவாளியாக்கிட்டீங்க. ஒருவேளை சரியான வீடா இருந்திருந்தா?"

"அப்பவும் அழிச்சிருப்பேன்" என்றாள்.

"உங்களை மாதிரி ஆளுங்களாலதான் அவங்க ஜெயிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான். அவன் சொன்னதில் எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்று அவள் பல நாள் யோசித்தாள். முகவரியை அழித்ததில் அவளுக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வந்ததில்லை. குழு மூடியதை மட்டும் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. ஒருவன் செய்த காரியத்துக்கு அத்தனை பேர் வாயையும் அடைப்பது என்ன நியாயம் என்று மாதம் ஒருமுறை இணையதளத்துக்கு எழுதிக்கொண்டேயிருந்தாள்.

அடுத்த வருஷம், மேல்முறையீடுகளைப் பார்க்கவென்று அந்தத் தளம் புதிதாக ஒரு தனி அமைப்பை வைத்தது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. மூடியது அதிகப்படியான நடவடிக்கை. குழுவைத் திருப்பித் தருகிறோம். திறந்து பார்த்தாள். பழைய பேச்சுகள் எல்லாம் இருந்தன, ஆள்தான் இல்லை. ஒரு வாரம் கழித்து முதல் புதுப் பதிவு வந்தது. முழுக்க அவளைப் பற்றித்தான். துரோகி, கூலிக்காரி, அவளுக்குப் பூனை மூத்திரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது.

தம்பி அவள் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுக் கொதித்தான். "அழிக்கலையா?"

"வெறும் திட்டுதானேடா. அதுக்கெல்லாம் விதி இல்ல. இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வருவதற்குள் அவன் தன் போனிலிருந்து ஒரு பதில் எழுதிவிட்டிருந்தான். அவளைத் திட்டி எழுதியவனின் பல்லை எங்கே, எப்போது, எந்த ஸ்பேனரால் கழற்றப் போகிறான் என்று விவரமாக.

அதைத்தான் அவள் அழிக்க வேண்டியிருந்தது.